பக்கத்து காலி நிலத்துக்கு லேண்ட் யூஸ் மாத்தப் போறாங்களா? சென்னை புறநகருக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடவாக்கம், பெரும்பாக்கம், கேளம்பாக்கம், வண்டலூர், ஆவடி, பூந்தமல்லின்னு சென்னையைச் சுத்தி எந்தப் பக்கம் வீடு வாங்கிட்டுப் போனாலும் கொஞ்ச வருஷத்துல இந்தப் பேச்சு வந்துடும். எதிர்ல இருக்கற வயக்காட்டுல அபார்ட்மென்ட் வரப்போகுதாம், லேண்ட் யூஸ் மாத்தச் சொல்லி மனு போட்டிருக்காங்களாம்னு யாராவது சொல்லுவாங்க. உடனே அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் கொதிக்கும், பாதி பேருக்குக் கோவம், பாதி பேருக்கு நம்ம வீட்டு விலையும் ஏறும்னு ஒரு நினைப்பு, பத்து நாள்ல எல்லாரும் அவங்கவங்க வேலைய பாக்கப் போயிடுவாங்க, அதுக்குள்ள ஆட்சேபணை சொல்ற கெடு முடிஞ்சிருக்கும். இந்தக் கெடுவுக்குள்ள என்ன செய்யணும்னு தெரியாமலே நிறைய ஊர் தோத்துப் போயிருக்கு, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல்ல இந்த லேண்ட் யூஸ்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். சென்னை பெருநகரத்துல 1,189 சதுர கிலோமீட்டருக்கு ரெண்டாவது மாஸ்டர் பிளான் இருக்கு, 2008 செப்டம்பர்ல வந்தது. அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு உபயோகம் போட்டிருக்காங்க. பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸட் ரெசிடென்ஷியல், கமர்ஷியல், இன்டஸ்ட்ரியல், இன்ஸ்டிடியூஷனல், ஓபன் ஸ்பேஸ், அக்ரிகல்ச்சர், நான்-அர்பன், இப்படி. அக்ரிகல்ச்சர்னு இருக்கற இடத்துல பெரிய அபார்ட்மென்ட் கட்ட முடியாது, அதனால நிலத்துக்காரரோ பில்டரோ சிஎம்டிஏக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மனு குடுத்து அந்த சர்வே நம்பருக்கு மட்டும் உபயோகத்த மாத்தச் சொல்லுவாங்க. இதுக்குத்தான் ரீகிளாசிஃபிகேஷன்னு பேரு, தமிழ்ல நில உபயோக மாற்றம். 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவுல இது நடக்குது. பேப்பர் விளம்பரத்துல இந்த நம்பர பாத்தீங்கன்னா இதுதான் விஷயம்னு புரிஞ்சுக்கலாம்.

1,189 சதுர கிலோமீட்டருக்கு வெளிய இருக்கற ஊரா உங்களுது? 2022 அக்டோபர்ல பெருநகர எல்லைய 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சு அறிவிச்சாங்க, ஆனா 2008 பிளானோட மேப் அந்தப் புது ஏரியாவுக்கு இல்ல. அந்த ஊர்க்காரங்க முதல்ல மாவட்ட டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆபீஸ்ல கேளுங்க. கீழ நான் சொல்ற நடைமுறை சிஎம்டிஏவோடது, ஆனா ஆதாரம் சேக்கற வேலை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.

எங்க கவனிக்கணும்

மனு வந்ததும் ஒரு தமிழ் பேப்பர், ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல அறிவிப்பு வரும். கிராமத்துப் பேரு, சர்வே நம்பர், எவ்வளவு பரப்பு, எந்த உபயோகத்துலேர்ந்து எதுக்கு மாத்தறாங்க, ஆட்சேபணையோ யோசனையோ இருந்தா சிஎம்டிஏ உறுப்பினர்-செயலருக்கு எழுதுங்கன்னு போட்டிருக்கும். கெடு பொதுவா 21 நாள். இதுதான் முழு ஆட்டத்துக்கும் முக்கியமான இடம், ஏன்னு சொல்றேன். உபயோகம் மாறின அப்புறம் பில்டர் கட்டட அனுமதிக்கு போவாரு, அந்த ஸ்டேஜ்ல பக்கத்துல குடியிருக்கறவங்கள கேக்கற மாதிரி பேப்பர் விளம்பரம் எதுவும் கிடையாது. அதுக்கப்புறம் சுற்றுச்சூழல் அனுமதி, 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டடம்னா கட்டாயம் வாங்கணும், ஆனா 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கையில கட்டட ப்ராஜெக்ட்டுக்கும் டவுன்ஷிப்புக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துலேர்ந்து விலக்கு குடுத்துட்டாங்க. அதாவது சட்டப்படி உங்கள கேக்கறது இந்த 21 நாள்ல மட்டும்தான். ஜேசிபி வந்து நின்னதுக்கப்புறம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்தா டிவியில வரும், ஃபைல்ல ஒரு பேப்பரும் சேராது.

அதனால அசோசியேஷன்ல ஒரு ஆள போட்டு பேப்பர்ல பப்ளிக் நோட்டீஸ் பக்கத்த தினமும் பாக்கச் சொல்லுங்க. ரிட்டயரான ஒருத்தர் எந்த அபார்ட்மென்ட்லயும் இருப்பாரு, தினமும் ரெண்டு பேப்பர் படிப்பாரு, அவர்கிட்ட உங்க ஊரு, பக்கத்து ரெண்டு ஊரு பேர எழுதிக் குடுங்க. இன்னொரு வழி ஊர்க்காரங்ககிட்ட பேச்சு வச்சிக்கறது. நிலத்துல சர்வேக்காரங்க வந்து கல்லு நட்டாங்களா, வேலி போட்டாங்களா, யாரு அட்வான்ஸ் குடுத்திருக்காங்கன்னு டீக்கடையில மொதல்ல தெரிஞ்சிடும், பேப்பர்ல அப்புறம்தான் வரும்.

நிலத்தோட ஜாதகம்

விளம்பரத்துல இருக்கற சர்வே நம்பர வச்சு இந்தப் பேப்பரெல்லாம் எடுங்க, பெரும்பாலும் வீட்லேர்ந்தே எடுக்கலாம். தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் சைட்ல பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு சொல்ற கிராமக் கணக்கு), புலப்படம் (அந்த நம்பரோட அளவு வரைபடம்) கிடைக்கும். பதிவுத்துறை சைட்ல வில்லங்கச் சான்று. சிஎம்டிஏ சைட்ல அந்த சர்வே நம்பரோட இப்போதைய உபயோகம். இதோட கிராம வரைபடம் ஒண்ணு வேணும், அது ரொம்ப முக்கியம்.

இதுல எத தேடணும்? அ-பதிவேட்டுல நன்செய், புன்செய், புறம்போக்குன்னு போட்டிருக்கும். நன்செய்னா ஏதோ ஒரு ஏரியிலேர்ந்து தண்ணி பாஞ்ச நிலம், அப்ப வாய்க்கால் இருந்திருக்கணும், அந்த வாய்க்கால் இப்ப எங்க போச்சுன்னு கேளுங்க. சுத்தி இருக்கற சர்வே நம்பரையும் பாருங்க, நடுவுல ஒடுக்கமா ஒரு நம்பர் வாய்க்கால் புறம்போக்குன்னோ ஓடைன்னோ வண்டிப்பாதைன்னோ இருக்கும். பில்டரோட பிளான்ல அது ரெண்டு பக்கமும் அவரு நிலத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கும், கட்டி முடிச்சப்புறம் காம்பவுண்டுக்குள்ள போயிடும். இத நீங்க புலப்படத்துல மார்க் பண்ணி அளவோட காட்டினா அதுக்கு பதில் சொல்லாம நகர முடியாது.

தென்சென்னைப் பக்கம் இருக்கறவங்க தண்ணி போற பாதைய மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு ஏரி ஏரியா நிரம்பி பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வருது, அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு பக்கம் கடல். இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அடைஞ்சா மேல இருக்கற ஊர் மொத்தமும் நனையும். 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாறு தண்ணியில மூழ்கினத, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்குல தண்ணிக்குள்ள கிடந்தத இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சதுப்புல 1,247 ஹெக்டேர் 2022லேர்ந்து ராம்சர் இடம், அதாவது சர்வதேச ஒப்பந்தத்துல சேத்த சதுப்பு நிலம். 2025 செப்டம்பர்ல தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் அந்த ராம்சர் எல்லைக்குள்ளயும், அதச் சுத்தி 1 கிலோமீட்டருக்கும், ஆய்வு முடியற வரைக்கும் புதுசா கட்டட அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கு. உங்க சர்வே நம்பர் அந்த தூரத்துக்குள்ள வருதான்னு முதல்ல அளந்து பாருங்க, வந்தா உங்க ஆட்சேபணையில அது முதல் பாயிண்டா இருக்கணும். வடமேற்குப் பக்கம்னா செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதி, ஈசிஆர் பக்கம்னா நிலத்தடி நீர் ஊறும் பகுதி, ரெண்டுக்குமே மாஸ்டர் பிளான்ல தனிக் கட்டுப்பாடு இருக்கு.

கணக்கு போடுங்க

இது என்னோட அனுபவத்துல ரொம்ப வேலை செய்யற விஷயம். ஆஃபீஸர் முன்னாடி "டிராஃபிக் ஆயிடும் சார், தண்ணி இல்ல சார்"னு சொன்னா தலையாட்டிட்டு அடுத்தவர கூப்பிடுவாங்க. நம்பரோட போனா நிமிர்ந்து பாப்பாங்க.

உதாரணத்துக்கு 5 ஏக்கர்னு வச்சுக்கோங்க, கிட்டத்தட்ட 20,200 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ, அதாவது நிலப் பரப்பப் போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற அளவு, 2னு வச்சா 40,000 சதுர மீட்டர் கட்டலாம், ஒரு வீட்டுக்கு பொது இடமெல்லாம் சேத்து 100 சதுர மீட்டர்னு போட்டா சுமாரா 400 வீடு. வீட்டுக்கு 4 பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கத்து அளவு, ஆக 2,16,000 லிட்டர். ஊர்ல குழாய்த் தண்ணி இல்லன்னா 12,000 லிட்டர் லாரி 18 தினமும் உள்ள வரணும், அந்தத் தண்ணி எந்த ஊரு கிணத்துலேர்ந்து வரும்? இது எஃப்எஸ்ஐ 2க்கு. 18.30 மீட்டருக்கு மேல போனா அது ஹைரைஸ், 18 மீட்டர் ரோடு இருந்தா 3.25 வரைக்கும் போகலாம், காசு கட்டி வாங்கற பிரீமியம் எஃப்எஸ்ஐ சேத்தா 4.87 வரைக்கும் ஏறும். மனுவுல வெறும் குடியிருப்புன்னுதான் இருக்கும், எத்தன மாடின்னு சொல்ல மாட்டாங்க, அதனால நீங்க அதிகபட்சத்தையும் போட்டுக் காட்டுங்க.

அப்புறம் ரோடு. டேப் எடுத்துட்டு போய் அளங்க. நிலத்துக்கு முன்னாடி 40 அடி இருக்கும், அதே ரோடு கோயில்கிட்டயோ பழைய ஊருக்குள்ள திரும்பற இடத்துலயோ 20 அடியா சுருங்கும். அந்த ஒடுக்கமான இடத்துல அளவு டேப்போட போட்டோ எடுங்க. ஹைரைஸ்க்கு குறைஞ்சது 12 மீட்டர் ரோடு வேணும்னு 2019 கட்டட விதிகள் சொல்லுது, தீயணைப்பு வண்டி மெயின் ரோட்லேர்ந்து உள்ள வர்ற பாதை முழுக்க எப்படி இருக்குன்னு கேக்கறது நியாயமான கேள்வி.

வெள்ளத்தப்ப எடுத்த பழைய போட்டோ யார்கிட்டயெல்லாம் இருக்கோ குரூப்ல கேட்டு சேருங்க, தேதி இருக்கணும், பின்னாடி அடையாளம் தெரியற மாதிரி ஒரு கடையோ கம்பமோ இருக்கணும். கூகுள் எர்த்ல பழைய வருஷத்துப் படத்த நகத்திப் பாத்தா ஏரிப் பரப்பும் வாய்க்காலும் எப்படி மாறுச்சுன்னு தெரியும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

எதிர்ப்பக்கம் யார் இருக்காங்க

புதுசா வந்தவங்க இத யோசிக்கறதே இல்ல. அந்த நிலம் பில்டரோடதா மட்டும் இருக்காது, பெரும்பாலும் ஊர்க்காரங்க நிலம், ஜாயின்ட் வென்ச்சர்ல குடுத்திருப்பாங்க. ஏரி மதகு ரிப்பேர், வாய்க்கால் அடைப்பு, கூலிக்கு ஆள் இல்லன்னு பல வருஷமா தரிசா கிடக்கும், பொண்ணு கல்யாணமோ பையன் படிப்போ அந்த நிலத்த நம்பித்தான் இருக்கும். அவங்ககிட்ட போய் விவசாய நிலத்த காப்பாத்தப் போறோம்னு நீங்க பேசினா, "தம்பி, நீங்க இருக்கற அபார்ட்மென்ட்டும் என் சித்தப்பா நெல்லு போட்ட இடம்தான், அப்ப எங்க போயிருந்தீங்க"ன்னு கேப்பாங்க. இந்தக் கேள்விக்கு மழுப்பாதீங்க. ஆமாங்க ஐயா, நாங்களும் அப்படித்தான் வந்தோம்னு ஒத்துக்கிட்டு, அப்ப வந்த வீடுங்களுக்கே ரோடும் சாக்கடையும் இன்னும் வரல, இன்னும் 400 வீடு வந்தா உங்க தெருவுலயும் சேத்துத்தான் தண்ணி நிக்கும்னு பேசுங்க. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு வாய்க்கால் இந்த வழியாத்தான் போச்சுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தா அது உங்க நாப்பது பேரு கையெழுத்தவிட கனமானது.

எல்லா மாற்றத்தையும் எதுக்கணும்னு நான் நினைக்கல. ஜனங்க எங்கயாவது குடியிருக்கணும், பஸ் ஸ்டாண்டு கிளாம்பாக்கத்துக்கு வந்தாச்சு, ஊர் அந்தப் பக்கம் வளரத்தான் செய்யும். மேட்டு நிலமா இருந்து, ரோடு அகலமா இருந்து, தண்ணிக்கும் கழிவுநீருக்கும் வழி சொன்னாங்கன்னா எதிர்ப்ப விட்டுட்டு நிபந்தனை கேளுங்க. தாழ்வான இடம், வாய்க்கால் ஓரம், ஏரிக்குக் கீழன்னா அசையாம நில்லுங்க, அங்க நிபந்தனை போட்டு ஒண்ணும் ஆகாது.

எழுதறது எப்படி

கடிதம் தமிழ்லயே எழுதுங்க, ஒரு பக்கம், மிஞ்சினா ரெண்டு பக்கம். மேல இப்படி:

"பொருள்: ......... கிராமம், சர்வே எண் ......... நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்திற்கு மாற்றுவது – ஆட்சேபணை தெரிவித்தல். பார்வை: ......... நாளிதழில் ......... தேதியிட்ட அறிவிப்பு."

அதுக்குக் கீழ உங்க வீடு அந்த நிலத்துலேர்ந்து எத்தன மீட்டர்னு ஒரு வரி. அப்புறம் பாயிண்ட் ஒண்ணு: வாய்க்கால், சர்வே நம்பர், புலப்பட நகல் இணைப்பு. ரெண்டு: வெள்ளம், தேதி, போட்டோ. மூணு: ரோடு அகலம், அளந்த இடங்கள். நாலு: தண்ணிக் கணக்கு. கடைசியா நீங்க கேக்கறது என்ன, மனுவ நிராகரிக்கணுமா, இல்ல நீர்வளத்துறை நேர்ல பாத்து அறிக்கை குடுத்தப்புறம்தான் முடிவெடுக்கணுமா, தெளிவா ஒரே வரியில. பில்டர திட்டறது, லஞ்சம்னு எழுதறது, அரசியல் பேசறது எதுவும் வேண்டாம், ஒரு வரி அப்படி இருந்தாலும் மொத்த கடிதத்தையும் அதச் சொல்லியே ஒதுக்கிடுவாங்க.

ஒரே லெட்டர 200 பிரதி எடுத்து கையெழுத்து வாங்கறதவிட, அசோசியேஷன் சார்பா ஒண்ணு, அப்புறம் வேற வேற தெருவுலேர்ந்து அவங்கவங்க பிரச்சனைய அவங்கவங்க எழுதின பத்து லெட்டர் நல்லது. எழும்பூர் காந்தி இர்வின் ரோட்டுல தாளமுத்து நடராசன் மாளிகையில இருக்கற சிஎம்டிஏ ஆபீஸுக்கு நேர்ல போய் தபால் செக்ஷன்ல குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. முடியலன்னா ஸ்பீட் போஸ்ட், ரசீத பத்திரமா வைங்க. பின்னாடி ஹைகோர்ட்ல ரிட் போட வேண்டி வந்தா, கெடுவுக்குள்ள நீங்க ஆட்சேபணை சொன்னீங்களான்னுதான் முதல் கேள்வி வரும், அதுக்கு இந்த சீல்தான் பதில்.

இதே நேரத்துல உள்ளாட்சியையும் விடாதீங்க, சிஎம்டிஏ அவங்க கருத்தையும் கேக்கும். ஊராட்சின்னா கிராம சபையில தீர்மானம் கொண்டு வாங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 தேதியில கூடும். தாம்பரம், ஆவடி மாதிரி மாநகராட்சின்னா கவுன்சிலரையும் ஏரியா சபையையும் பிடிங்க. தீர்மானத்துல சர்வே நம்பர் எழுதி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கூட்டத்துலேர்ந்து எழுந்திரிங்க.

பில்டர் பேச வருவாரு

ஆட்சேபணை போனதும் பில்டர் பக்கத்துலேர்ந்து ஒரு மேனேஜர் மரியாதையா வந்து பேசுவாரு. பேசுங்க, தப்பில்ல, ஆனா தனியா யாரும் போக வேண்டாம், குறைஞ்சது மூணு பேரு, ஒருத்தர் நோட் எடுக்கணும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, அசோசியேஷனுக்கு சிசிடிவி கேமரான்னு பேச்சு வந்தா அப்பவே வேண்டாம்னு சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடியிருப்புல இதுலதான் சண்டை வந்து சங்கமே ரெண்டா உடைஞ்சு, கடைசியில ஆட்சேபணைய ஆதரிக்க ஆளில்லாம போச்சு.

கேக்க வேண்டியது இதெல்லாம்: மண்ணு கொட்டி எவ்வளவு உயரம் ஏத்தப் போறீங்க? நீர்வளத்துறை தடையில்லாச் சான்று குடுக்கும்போது நிலத்த உயர்த்தச் சொல்றது சகஜம், அவங்க உயர்த்தினா அந்தத் தண்ணி உங்க தெருவுக்கு வரும், அதனால வடிகால் எங்க போய் சேருதுன்னு வரைபடத்துல காட்டச் சொல்லுங்க, "ரோட்டு வடிகால்ல விடுவோம்"னா அந்த வடிகால் எங்க முடியுதுன்னு கேளுங்க, நிறைய ஊர்ல அது எங்கயுமே முடியறதில்ல. கழிவுநீர் சுத்திகரிப்பு பண்ணினப்புறம் மிச்சத் தண்ணி எங்க? 10,000 சதுர மீட்டருக்கு மேலன்னா 10 சதவீதம் ஓஎஸ்ஆர் நிலம் (பார்க் மாதிரி பொதுத் திறந்தவெளிக்கு) உள்ளாட்சிக்கு தானமா குடுக்கணும், அது ரோட்டு ஓரமா ஊரே பயன்படுத்தற மாதிரி வருமா, இல்ல கேட்டுக்குள்ள மாட்டிக்குமா? ரோட்ட அகலப்படுத்த எவ்வளவு நிலம் எழுதிக் குடுப்பீங்க? வாயால சொன்னத எல்லாம் அன்னிக்கே ஈமெயில்ல எழுதி "இன்னிக்கு நீங்க சொன்னது இது"ன்னு அனுப்பி, அதோட நகல சிஎம்டிஏக்கும் அனுப்புங்க. நிபந்தனையா ஃபைல்ல ஏறினாத்தான் அது நிக்கும்.

அப்புறம் என்ன நடக்கும்

உங்க லெட்டர் போனதும் பல மாசம் சத்தமே இருக்காது. டெக்னிக்கல் கமிட்டி, அப்புறம் அதாரிட்டி மீட்டிங்னு போகும். சும்மா இருக்காம ஆர்டிஐ போடுங்க, கட்டணம் 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும். "நீர்வளத்துறை கருத்து, உள்ளாட்சி கருத்து, பெறப்பட்ட ஆட்சேபணைகளின் பட்டியல், டெக்னிக்கல் கமிட்டி குறிப்பு ஆகியவற்றின் நகல்"னு தனித்தனியா கேளுங்க, ஏன் இப்படி பண்ணீங்கன்னு காரணம் கேட்டா பதில் வராது. பதில் வரலன்னா மேல்முறையீடு.

நிராகரிச்சுட்டாங்கன்னாலும் அந்த சர்வே நம்பர கண்காணிச்சுக்கிட்டே இருங்க, வேற உபயோகம் கேட்டு திரும்ப மனு வரலாம். மாத்திட்டாங்கன்னா அரசிதழ்ல அறிவிக்கை வரும், அத எடுத்து நிபந்தனை என்னென்ன இருக்குன்னு படிங்க. வாய்க்கால் பத்தின உங்க பாயிண்டுக்கு பதிலே இல்லாம மாத்தியிருந்தா ஒரு வக்கீல பாத்து ஹைகோர்ட் ரிட் பத்தி பேசுங்க. சுற்றுச்சூழல் அனுமதி குடுத்தா மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் சைட்ல ஏறும், அத எதுத்து பசுமைத் தீர்ப்பாயத்துக்கு போக 30 நாள், தக்க காரணம் இருந்தா இன்னும் 60 நாள், அதுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் எடுத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, 2046 வரைக்குமான மூணாவது மாஸ்டர் பிளான் வேலை நடந்துட்டிருக்கு. ஒவ்வொரு சர்வே நம்பரா சண்டை போடறதவிட இதுல உக்காந்து வேலை பாக்கறது பத்து மடங்கு பலன். வரைவு வெளியானா கருத்து சொல்ல குறைஞ்சது ரெண்டு மாசம் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. அதுக்கு காத்திருக்காம இப்பவே உங்க கிராம வரைபடத்த பெரிசா பிரிண்ட் போட்டு, ஊர்ப் பெரியவங்கள கூட்டிட்டு நடந்து போய் ஏரி, கலங்கல் (ஏரி நிரம்பி வழியற இடம்), ஓடை, வாய்க்கால் ஒவ்வொண்ணையும் நீலப் பேனாவுல வரைஞ்சு, சர்வே நம்பரோட ஒரு பட்டியல் தயார் பண்ணி வைங்க. வரைவு வந்த அன்னிக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சு, எந்த நீலக்கோட்டு மேல கட்டட உபயோகத்துக்கான கலர் அடிச்சிருக்காங்கன்னு பாத்து எழுத ஆரம்பிக்கலாம்.